மாமா என்று கூப்பிடக் கூடாதவர்

எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்பு யாரும் கேம்பிங் போனதில்லை. அதற்குப் பிறகும் போனதில்லை. போன அந்த ஒரு முறையும் காலையில் கிளம்பிச் சாயங்காலமே வீடு திரும்பிவிட்டோம். நீர்த்தேக்கத்தின் ஓரத்துக் கார்பேட்டையில் வேனை நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் தின்றுவிட்டு வந்ததற்குப் பெயர் கேம்பிங் என்றால், நாங்களும் கேம்பிங் போனவர்கள்தான். அப்பா இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். அந்தப் பேச்சு வந்தால் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்.

போனதற்குக் காரணம் என் அத்தை. அப்பாவுக்கு ஒரே தங்கை. சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டில்தான் இருந்தார், என் அறையின் இன்னொரு கட்டில் அவருடையது. மருத்துவமனையில் தாதியாக வேலை. முப்பது வயது தாண்டியும் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது எங்கள் வீட்டில் சோறு வடிப்பதைப்போல அன்றாட விஷயமாக இருந்தது. தினமும் யாராவது ஒருவர் அதைக் கிளறிவிட்டுத்தான் தூங்கப் போவார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் சோபாவில் உட்கார்ந்திருக்க, தான் தட்டோடு வந்து நிற்க முடியாது என்று அத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அதனால் எல்லாச் சந்திப்புகளும் தற்செயலாகவே நடந்தன. தோ பாயோவில் கோயிலுக்குப் போன இடத்தில் ஒரு மாப்பிள்ளையைத் தற்செயலாகப் பார்த்தோம். தேக்காவில் ஒரு சைவக் கடையில் இன்னொருவர் தற்செயலாகப் பக்கத்து மேசையில் இருந்தார். இந்தத் தற்செயல்களை ஏற்பாடு செய்ய அம்மா நாள்கணக்கில் தொலைபேசியும் கையுமாக இருப்பார். எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயதிருக்கும். எங்கே போனாலும் தோசையோ ஐஸ்கிரீமோ கிடைத்ததால், இந்த வேலை முடிந்துவிடக் கூடாது என்று நான் மனதார வேண்டிக்கொண்டேன். அத்தையும் என்னை ஏமாற்றவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே "வேணாம்" என்று சொல்லிவிடுவார். ஏன் வேண்டாம் என்று கேட்டால் குளிக்கப் போய்விடுவார்.

பிறகுதான் ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை அங்கே இன்ஜினியர், அவருடைய அம்மா இங்கே குவீன்ஸ்டவுனில் இருந்தார். மாப்பிள்ளைக்குக் காடு, ஏரி, கூடாரம் என்றால் உயிர் என்று அந்த அம்மா தொலைபேசியில் சொன்னார். அதைக் கேட்ட அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "நாங்களும் அடிக்கடி கேம்பிங் போவோங்க. சொந்தமா வேனே வச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டார். தொலைபேசியை வைத்துவிட்டு அவரே கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் கேம்ப் என்று சொன்னால் அது ராணுவ முகாம்தான். அப்பாவும் இளவயதில் தேசிய சேவையில் இருந்தவர். அதற்குப் பிறகும் பல வருடங்கள், கூப்பிட்டபோதெல்லாம் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு போய்வந்தவர். ஆகவே அவர் சொன்னது முழுப்பொய் என்று சொல்லிவிட முடியாது. வேன் மட்டும்தான் பொய்.

அந்த வேன் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கடை வைத்திருந்தவரிடம் இருந்தது. அந்தக் கடையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது, எல்லாக் குழப்பமும் ஆரம்பித்தது அங்கேதான். ரொட்டி, முட்டை, சோப்பு, மிட்டாய், மைலோ பானம் விற்கும் அந்த மாதிரிச் சின்னக் கடைக்குச் சிங்கப்பூரில் மாமாக்கடை என்று பெயர். ஒரு காலத்தில் அவற்றைப் பெரும்பாலும் நம்மவர்கள் நடத்தியதால் சீனர், மலாய்க்காரர் எல்லாருக்கும் கடைக்காரர் மாமா ஆகிவிட்டார். உறவெல்லாம் ஒன்றும் கிடையாது. தபால்காரர், பஸ் டிரைவர் என்பதைப்போல அதுவும் ஒரு தொழில். எங்கள் கடைக்காரரின் அப்பா முதலில் மாமாவாக இருந்தார். அவர் காலமானதும் மகன் கல்லாவில் உட்கார்ந்தார், உட்கார்ந்த அன்றே அவரும் மாமா ஆனார். அவருக்கு அத்தையின் வயதுதான் இருக்கும். தலை நரைத்த சீன ஆன்ட்டிகள்கூட "மாமா, முட்டை பத்து" என்று கேட்பார்கள். அவரும் கூச்சமே இல்லாமல் திரும்பிப் பார்ப்பார்.

நானும் எதிர்வீட்டுச் சீனப் பிள்ளைகளோடு கடைக்குப் போய், அவர்களைப் போலவே கடைக்காரரை மாமா என்று கூப்பிடக் கற்றுக்கொண்டேன். ஒரு தமிழ்ச் சொல்லைச் சீனர்களிடமிருந்து கற்ற பெருமை எனக்கு உண்டு. ஒருநாள் அது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

"அவரை மாமான்னு கூப்பிடாதே. அங்கிள்னு சொல்லு."

"எல்லாரும் அப்படித்தாம்மா கூப்பிடறாங்க."

"எல்லாரும் கூப்பிடலாம். நீ கூப்பிடக் கூடாது."

அம்மாவோடு கூடப்பிறந்த ஆண்கள் யாரும் இல்லை. அப்படியென்றால் எனக்கு மாமா என்று ஒருவர் வருவதற்கு மிச்சம் இருந்தது ஒரே வழி, அவர் என் அத்தையைக் கட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்? ஊரே கூப்பிடும் பெயரை, அந்த மொழியைப் பேசுகிற நான் மட்டும் கூப்பிடக் கூடாது என்பது பெரிய அநியாயமாகப் பட்டது.

அப்பா அவரைத் தம்பி என்பார். அம்மாவுக்கு அவர் கடைக்காரர். அத்தை மட்டும் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டார். வேலை முடிந்து வரும்போது கடை வாசலில் நின்று, "என்னங்க, ரொட்டி இருக்கா?" என்பார். எங்கள் வீட்டில் அம்மா அப்பாவைக் கூப்பிடுகிற சொல் அது. ரொட்டி அத்தையின் கண்ணுக்கு நேரே அடுக்கி வைத்திருக்கும். இருப்பதை ஏன் இருக்கிறதா என்று கேட்கவேண்டும், ஒரு ரொட்டியை எடுத்துக் கொடுக்க அவருக்கு ஏன் அத்தனை நேரம் ஆகவேண்டும் என்று விளங்காமல், நான் மிட்டாய்ச் சாடிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அரிசி மூட்டை ஏற்றிவரும் தன் வெள்ளை வேனுக்குள் அவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஏதாவது தட்டிக்கொண்டே இருப்பார். மடக்கி வைக்கிற மாதிரி ஒரு பலகைக் கட்டில், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, பேட்டரியில் ஓடும் கெட்டில் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. வேலை நாளில் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு அரிசி ஏற்றுவார். கேம்பர் வேன் என்ற வார்த்தையே எங்கள் புளோக்கில் அப்போது யாருக்கும் தெரியாது.

"இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர்ல, படுத்துத் தூங்கிக்கிட்டு எங்கதான் போகப் போறே தம்பி?" என்று அப்பா சீண்டுவார்.

"இங்க இல்லண்ணே. மலேசியாப் பக்கம். ஏரி இருக்கிற இடமா பாத்து..." என்று அவர் இழுப்பார், அதோடு நிறுத்திக்கொள்வார்.

அப்பா அவரிடம் போய், பெர்த்திலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், ஒருநாள் வேன் வேண்டும் என்று மட்டும் கேட்டார். "இன்ஷூரன்ஸ் என் பேர்ல இருக்குண்ணே. நான்தான் ஓட்டணும். பரவால்ல லா, ஞாயித்துக்கிழமைதானே" என்று அவர் ஒப்புக்கொண்டார். அத்தையிடம் அப்பா, ஒரு வேன் பிடித்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். யாருடைய வேன் என்று சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை, அப்பாவுக்கு அதில் சொல்ல என்ன இருக்கிறது?

அன்று காலை எனக்குத் தலை பின்னிக்கொண்டே அம்மா பாடம் நடத்தினார்.

"இன்னிக்கு வர்றவரை மாமான்னு வாய் நிறையக் கூப்பிடணும். தெரிஞ்சுதா?"

"கடை மாமாவையா?"

"ஐயோ, அவரை இல்லடி! பெர்த்லேருந்து வர்றவரை."

"அவரை எனக்குத் தெரியாதேம்மா."

"தெரியாட்டி என்ன? மாமான்னா மாமாதான். தலையை ஆட்டாதே."

நன்றாகத் தெரிந்தவரை மாமா என்று கூப்பிடக் கூடாது. முன்பின் தெரியாதவரை மாமா என்று கூப்பிட வேண்டும். இதை நான் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கினேன்.

கீழே வேன் கழுவித் துடைத்து நின்றது. கடைக்காரர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு கதவருகே நின்றார். அத்தை என்றைக்கும் இல்லாத திருநாளாகப் பட்டுக்கரை வைத்த சல்வார் உடுத்தி, பொட்டு வைத்து மின்தூக்கியிலிருந்து வெளியே வந்தார். வேனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவரும் அத்தையின் உடுப்பைப் பார்த்தார், அம்மா கையிலிருந்த வெற்றிலை பாக்குத் தட்டைப் பார்த்தார்.

"என்னக்கா, ஏதாவது விசேஷமா?"

"நல்ல விசேஷந்தான் தம்பி. பொண்ணு பாக்க வர்றாங்க" என்றார் அம்மா.

அத்தை மறுபடியும் மின்தூக்கியின் பக்கம் திரும்பினார். கைப்பையை மறந்துவிட்டார்போல என்று நினைத்தேன், ஆனால் பை தோளில்தான் தொங்கியது. அம்மா அவருடைய கையைப் பிடித்து வேனுக்குள் ஏற்றினார். வழியெல்லாம் அப்பா ஒருவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஏரி, குளம் என்று படித்திருந்தாலும் எங்கள் ஊரில் எல்லாம் நீர்த்தேக்கம்தான். அப்பா மட்டும் அன்று ஏரி, ஏரி என்றே சொல்லிக்கொண்டிருந்தார், வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு அதுதான் மரியாதை என்பதைப்போல. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் தண்ணீர், நடுவில் கோடு போட்ட கார்பேட்டை. கூடாரம் போடாதே, தீ மூட்டாதே, நீந்தாதே, குரங்குக்குத் தீனி போடாதே என்று படங்களோடு பலகைகள் நின்றன. எதுவும் செய்யாமல் கேம்பிங் செய்ய அதைவிடத் தோதான இடம் கிடையாது.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் டாக்சியில் வந்து இறங்கினார்கள். காலில் காட்டுக்குப் போகிற சப்பாத்தும் தலையில் அகலத் தொப்பியுமாக மாப்பிள்ளை நன்றாகத்தான் இருந்தார். அம்மா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். நான் வாய் நிறைய, "மாமா!" என்று கூப்பிட்டேன்.

வேனுக்குப் பின்னாலிருந்து, "என்ன வேணும்?" என்று குரல் வந்தது. கடைக்காரர்தான். பழக்கதோஷம். எட்டிப் பார்த்தவர் எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு மறுபடியும் உள்ளே போய்விட்டார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே எனக்குக் கங்காரு படம் போட்ட சாக்லேட் கொடுத்தார். கெட்டவர் இல்லை. அவரை எனக்குப் பிடித்துவிட்டது என்று சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

அவர் வேனைச் சுற்றி வந்து பலகைகளைத் தட்டிப் பார்த்தார். "வாவ், நல்லா செஞ்சிருக்காங்க. யாரு செஞ்சது?"

"எல்லாம் நம்ம வீட்லயே... எல்லாருமாச் சேந்து" என்றார் அப்பா. கடைக்காரர் குனிந்து நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க வழக்கமா எங்க அங்கிள் கேம்ப் போடுவீங்க?"

"காட்டுக்குள்ளதான் தம்பி. மழை, சேறு, கொசு, எதையும் பாக்கிறதில்ல. விடியிறதுக்குள்ள விசிலடிச்சு எழுப்பி விட்ருவாங்க."

"யாரு?"

அப்பா ஒரு கணம் காட்டைப் பார்த்தார். "பறவைங்க" என்றார்.

பெரியவர்கள் பேசிக்கொள்ளட்டும் என்று மாப்பிள்ளையையும் அத்தையையும் தண்ணீர் ஓரமாக நடந்துவிட்டு வரச் சொன்னார்கள். கூடப் போய்வர என்னை அனுப்பினார்கள். இரண்டு பேரும் பாதி ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார்கள். அங்கே ஏரிகள் எவ்வளவு பெரியவை, குளிர்காலத்தில் வேனுக்குள் எப்படித் தூங்குவது என்றெல்லாம் அவர் சொன்னார்.

"உங்களுக்கு இதெல்லாம் பிடிக்குமா?"

"போனதில்ல. ஒருநாள் போகணும்னு ஆசை இருந்துச்சு" என்றார் அத்தை.

"இருந்துச்சா, இருக்கா?"

அத்தை சிரித்தார். ஆனால் எது என்று சொல்லவில்லை. எனக்கு அது பெரிய கேள்வியாகவும் தெரியவில்லை. நான் சாக்லேட் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் திரும்பி வரும்போது ஒரு பெரிய குரங்கு நாற்காலியில் இருந்த மிச்சக் கறிபாப் பையை நோக்கி ரொம்ப மரியாதையாக நடந்து வந்துகொண்டிருந்தது. அத்தை பதறிப்போய், "என்னங்க! இங்க வாங்க!" என்று கத்தினார்.

அத்தையை ஒட்டி நடந்துவந்த மாப்பிள்ளை, தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று ஓரடி முன்னால் வைத்தார். உட்கார்ந்திருந்த அப்பாகூட, என்னங்க என்றால் தான்தான் என்ற நினைப்பில் பாதி எழுந்துவிட்டார். அதற்குள் வேனுக்குப் பின்னாலிருந்து துடைப்பத்தோடு ஓடி வந்தவர் கடைக்காரர். யாரை, எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டார். குரங்கு எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறியது. மாப்பிள்ளையின் அம்மா குரங்கைப் பார்க்கவில்லை, அத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழை, சொல்லிக்கொண்டெல்லாம் வராது. எல்லாரும் வேனுக்குள் ஏறி, பலகைக் கட்டிலில் முழங்கால்கள் இடிக்க உட்கார்ந்தோம். கடைக்காரர் மட்டும் முன்னால் ஓட்டுநர் இருக்கையில். அம்மா தேநீர் போடலாம் என்றார். கெட்டிலில் தண்ணீர் கொதித்தது, சர்க்கரைதான் எங்கே என்று தெரியவில்லை. அம்மா தேட ஆரம்பிப்பதற்குள் அத்தை கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, ஒரு பலகையை நகர்த்தி, உள்ளே இருந்த சர்க்கரை டப்பாவை எடுத்து நீட்டினார். எங்களில் யாரும் அன்றைக்கு முன்பு அந்த வேனில் ஏறியதில்லை. அத்தைக்கு இப்படியொரு சாமர்த்தியமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். முன்னால் இருந்தவரைக் காட்டி, "இவரு உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

கடையில் அவர் என்னிடம் தினமும் கேட்கிற கேள்வி அது. "மைலோ" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா தேவைக்கு மேல் சத்தமாகச் சிரித்தார். அந்த அம்மா விடவில்லை.

"அது இல்லம்மா. இவரை நீ என்னன்னு கூப்பிடுவே?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கண்ணை உருட்டினார். உருட்டினால் சொல் என்று அர்த்தமா, சொல்லாதே என்று அர்த்தமா? காலையில் மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்பித்துவிடுவதுதான் நல்லது என்று தோன்றியது.

"அவங்களை மாமான்னு கூப்பிடக் கூடாது. இவங்களைத்தான் மாமான்னு கூப்பிடணும்" என்று மாப்பிள்ளையைக் காட்டினேன். "அவங்களை எல்லாரும் கூப்பிடலாம். நான் மட்டும் கூப்பிடக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க."

தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா, "ஏன் அப்படி?" என்று என்னை விட்டுவிட்டு அம்மாவைக் கேட்டார். அம்மா தேநீரைக் கலக்கினார். அப்பா தொண்டையைக் கனைத்தார். மாப்பிள்ளை அத்தையைப் பார்த்தார். அத்தையோ முன்னிருக்கையில் இருந்தவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார், எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறவரைப்போல. ஆனால் அத்தை எதையும் கேட்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

கடைக்காரர் இருக்கையில் திரும்பி உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"அது ஒண்ணும் இல்லம்மா. இவங்க புளோக்குக்குக் கீழ நான் கடை வச்சிருக்கேன். மாமாக்கடை. அதான் புள்ளைங்க அப்படிக் கூப்பிடுதுங்க. வேன் என்னோடது, அண்ணன் கேட்டாரு, ஓட்டிக்கிட்டு வந்தேன்." அத்தையின் பக்கம் கையைக் காட்டினார். பிறகு, "இவங்க எனக்குத் தங்கச்சி மாதிரி" என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அத்தையின் பெயருக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று நினைத்திருப்பார். ரொட்டியும் முட்டையும் விற்கிறவன் பெர்த் இன்ஜினியரின் முன்னால் வேறு என்ன சொல்லிவிட முடியும் என்றும் நினைத்திருப்பார். எல்லாம் எனக்கு இப்போது புரிகிறது. புரிந்தும், அந்தச் சிரித்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வேன் எங்களுடையது இல்லை என்ற குட்டு உடைந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அதைவிடப் பெரிய பாரம் இறங்கியிருந்தது. "அப்படிச் சொல்லுங்க தம்பி" என்று அவருக்கும் ஒரு கோப்பைத் தேநீர் கொடுக்கச் சொன்னார். கைப்பையைத் திறந்து, காலையில் தேக்காவில் வாங்கிய மல்லிகைச் சரத்தை வெளியே எடுத்தார். "எனக்கு மனசுக்குப் பிடிச்சிருக்கு. பூ வச்சிடட்டுமா?"

"அம்மா, இருங்க. அவங்களைக் கேக்க வேண்டாமா?" என்று மாப்பிள்ளை தடுத்தார். அத்தையிடம் திரும்பி, "உங்களுக்கு ஓகேயா? ஓகே இல்லன்னாலும் சொல்லலாம்" என்றார்.

இனி அத்தை "வேணாம்" என்பார், அடுத்த மாதம் வேறெங்காவது போகலாம் என்று நான் காத்திருந்தேன்.

"ஓகே" என்றார் அத்தை.

பூ வைத்தால் தலைவலி வரும் என்று கோயிலுக்குப் போகும்போதுகூட மறுக்கிறவர், அன்று பேசாமல் தலையைக் குனிந்து கொடுத்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா அந்தச் சின்ன இடத்துக்குள் எழுந்து நிற்கப் பார்த்துக் கூரையில் இடித்துக்கொண்டார். வேனுக்குள் மல்லிகை வாசமும் ஈரத்துணி வாசமும் மூச்சை முட்டவைத்தன. கடைக்காரர் முன்பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணாடியின் ஆவியைத் துடைக்க ஆரம்பித்தார். எப்போது பார்த்தாலும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மழை விட்டதும் அவர்களை டாக்சி ஏற்றி அனுப்பிவிட்டு நாங்களும் கிளம்பினோம். புளோக்குக்குக் கீழே வந்து இறங்கியதும் அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய உதவி தம்பி, சமயத்துல காப்பாத்துனே" என்று குலுக்கினார். அவர், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல லா" என்றார். அத்தை கடைசியாக இறங்கினார். கதவைச் சாத்திவிட்டு, முன்னிருக்கை ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"ரொம்ப தேங்க்ஸ், அண்ணே" என்றார்.

"என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டு அப்பா திரும்பினார்.

"உங்கள இல்லண்ணே. இவங்கள" என்றார் அத்தை.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. காலையிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டிருந்த சிக்கல் ஒரே சொல்லில் அவிழ்ந்துவிட்டது. பள்ளியில் அந்த வாரம்தான் உறவுமுறைப் பாடம் நடந்திருந்தது, எனக்குக் கணக்கு உடனே வந்தது. அத்தைக்கு அண்ணன் என்றால் அப்பாவோடு பிறந்தவர் மாதிரி. அப்பாவைவிட வயதில் சின்னவர். அங்கிள் என்று ஒட்டாமல் கூப்பிட வேண்டியதில்லை, மாமா என்று சொல்லித் திட்டு வாங்க வேண்டியதும் இல்லை. நான் ஜன்னலைப் பிடித்து எம்பி, "பை பை, சித்தப்பா!" என்று கத்தினேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "சமத்து" என்று தலையைத் தடவிக்கொடுத்தார். கடைக்காரர் கையசைக்கப் பாதி தூக்கிய கையை மறுபடியும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். நாங்கள் நடந்து போகும்வரைக்கும் இன்ஜினை அணைக்கவும் இல்லை, வண்டியை எடுக்கவும் இல்லை. அத்தை திரும்பிப் பார்க்காமல் போய் மின்தூக்கியின் பொத்தானை அழுத்தினார். அது எரிந்துகொண்டுதான் இருந்தது, இருந்தாலும் அழுத்திக்கொண்டே இருந்தார்.

அந்த வருடமே கல்யாணம் நடந்து அத்தை பெர்த்துக்குப் போய்விட்டார். கடைக்குப் போய் ரொட்டி வாங்கிவருவது என் வேலையாயிற்று. புளோக்கில் யார் மாமா என்று கூப்பிட்டாலும் சொல் முடிவதற்குள் திரும்பிப் பார்க்கிற மனிதர், நான் சித்தப்பா என்று கூப்பிட்டால் மட்டும் முதல் தடவையில் திரும்பமாட்டார். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதைப்போல வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாம் தடவை கூப்பிட்டால்தான், "ம், என்ன வேணும்மா?" என்பார். அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது என்று நான் வீட்டில் வந்து சொன்னேன். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். பாவம், இந்த வயதிலேயே இப்படி ஆகிவிட்டதே என்று இரக்கப்பட்டு, அதற்குப் பிறகு நான் கடை வாசலில் நின்று இன்னும் சத்தமாகக் கூப்பிட ஆரம்பித்தேன்.